டீச்சருக்குப் பழகிய பேச்சு

அந்த மாட்டுக்கு டீச்சர் என்று பெயர் வைத்தவர் சின்னப்பன்தான். தொழுவத்துக்குள் யார் நுழைந்தாலும் அது மெல்லத் தலையைத் திருப்பி, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளையைப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்க்கும். சின்னப்பன் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அந்தப் பார்வை அவருக்கு நன்றாக நினைவிருந்தது.

இப்போது பதினெட்டு நாளாக அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டிருந்தவள் அவருடைய மருமகள் அமுதா. விடிந்ததும் மடியைக் கழுவுவாள். கன்றை ஊட்டவிட்டு, பிடித்துக் கட்டி, காம்பில் விளக்கெண்ணெய் தடவி உட்காருவாள். கன்றுக்குச் சுரந்த பால் அவள் கை பட்டதும் குழாயை மூடியதுபோல் நின்றுவிடும். பாத்திரத்தின் அடி நனையும், அவ்வளவுதான். ஒரு வேளைக்கு எட்டு லிட்டர் கறந்த மாடு.

மாரண்டஹள்ளியிலிருந்து கால்நடை டாக்டர் வந்து பார்த்தார்.

“மாட்டுக்கு ஒன்னியும் இல்லம்மா. மடி நல்லா இருக்குது. தீனி திங்குது. பாலு இருக்குது, குடுக்க மாட்டேங்குது. கறக்கற ஆளு மாறுனா சிலது இப்புடி அடக்கிக்கும். இத்தினி நாளா யாரு கறந்தது?”

“எங்க மாமாங்க. அவரு போனப்பறம் அத்த கறந்தாங்க.”

“அப்ப அந்தம்மாவ வரச்சொல்லுங்க.”

“அவங்களும் போயிட்டாங்க சார்.”

டாக்டர் கொஞ்ச நேரம் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் அவரைப் பார்த்தது. அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

“ஊசி போட்டு கறக்கலாம். அப்பறம் தெனமும் ஊசி கேக்கும், வேணாம். அவங்க கறக்கும்போது ரேடியோ வெச்சாங்களா, பாட்டு பாடுனாங்களா, என்ன பண்ணாங்கன்னு விசாரிங்க. அதையே நீங்களும் பண்ணிப் பாருங்க.”

சின்னப்பன் தை மாதம் போனார். நாற்பத்தோராவது நாள் ராஜமேரியும் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வருஷம் சேர்ந்து இருந்தவர்கள். கல்லறைக்குப் போய்த் திரும்பும்போது ஊரில் யாருக்கும் பெரிதாக அழத் தோன்றவில்லை. “அவரு முன்னாடி போயி பஸ்ஸுல துண்டு போட்டு வெச்சிருந்தாரு. இந்தம்மா பின்னால போயி குந்திகிச்சி,” என்று யாரோ சொல்ல, சாமியார்கூடச் சிரித்துவிட்டார். வீட்டில் கூட்டமும் செபமுமாக இருந்த அந்த ஒரு வாரம், டீச்சரைப் பக்கத்து வயற்காட்டில் கட்டியிருந்தார்கள். திரும்பி வந்த நாளிலிருந்துதான் இந்த அடம்.

அமுதாவின் கணவன் அந்தோணி பிரகாஷ் அந்த வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கியிருந்தான். அம்மாவின் அடக்கத்துக்கு வந்த இருவரும் இன்னும் திரும்பிப் போகவில்லை. ஓசூரில் அவனும் அமுதாவும் நடத்திய குடும்பம் டிபன் பாக்ஸ் வழியாக நடந்த குடும்பம். அவன் இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் துணிக்கடை வேலைக்குக் கிளம்புவாள். டப்பாவில் சோறு மிச்சம் இருந்தால் அவனுக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம், துடைத்து வைத்திருந்தால் குழம்பு பிடித்திருக்கிறது என்று அர்த்தம். பேச வேண்டியதெல்லாம் அதிலேயே முடிந்துவிடும்.

டாக்டர் போனதும் பிரகாஷ் சொன்னான்: “அமுதா, நேரா சொல்லிடறேன். திங்கக்கெழம நான் ஓசூர்ல சேரணும். அபார்ட்மெண்டுல சூப்பர்வைசர் வேல, சும்மா கெடைக்கல. ஞாயித்துக்கெழம காலைல மாட்டுத் தரகரு மாயவன் வண்டி கொண்டாறான். அதுக்குள்ள இது பால் குடுத்துதுன்னா இருக்கட்டும், நீயும் இங்கியே இரு, நான் வாராவாரம் வந்து போறேன். குடுக்கலீன்னா மாட்ட ஏத்தி வுட்டுட்டு, வூட்ட பூட்டிகிட்டு ரெண்டு பேரும் கெளம்பறோம்.”

“இன்னிக்கி புதன்கெழம.”

“அதான் நாலு நாளு இருக்குதே.”

மாமாவும் அத்தையும் வளர்த்ததில் உயிரோடு மிச்சமிருப்பவை இரண்டு என்று அமுதா நினைத்துக்கொண்டாள். ஒன்று பிரகாஷ், இன்னொன்று டீச்சர். முதலாவதை எப்படியும் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும். இரண்டாவதை மாட்டுத் தரகர் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. ஓசூரின் மூன்றாம் மாடி வீட்டுக்குத் திரும்பவும் மனம் வரவில்லை.

“உங்க அம்மாவும் அப்பாவும் பால் கறக்கறப்ப என்ன பண்ணுவாங்க?”

“எனக்கெப்புடி தெரியும்? ஆறாவதுலேயே ஹாஸ்டலு. லீவுக்கு வந்தா எட்டு மணி வரைக்கும் தூங்குவேன்.”

“நல்ல புள்ள.”

வேலிக்கு அந்தப் பக்கம் செல்லம்மாள் வீடு. ராஜமேரி கல்யாணமாகி வந்த அதே வருஷம் வந்தவள். அமுதா போய்க் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“என்ன பண்ணுவாங்களா? சண்ட போடுவாங்க கண்ணு. காத்தால அஞ்சரைக்கி எனக்கு அலாரமே அதான்.”

“தெனமுமா பெரிம்மா?”

“தெனமும். உங்க மாமன் கீழ குந்திகிட்டு கறப்பாரு. உங்க அத்த தலமாட்டுல நின்னு கன்னுக்குட்டிய புடிச்சிக்கும். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் முணுமுணுன்னு என்னமோ பேசிக்குவாங்க, அது இங்க கேக்காது. அப்பறம் ஆரம்பிக்கும். அவரு ‘பத்தாச்சி’ம்பாரு. இவ ‘ஒம்போதுதான்’ம்பா. ‘பத்தாச்சிடி மேரி.’ ‘ஒம்போதுதாங்க, ஏமாத்தாதீங்க.’ மறுபடியும் முணுமுணு. மறுபடியும் பத்து, ஒம்போது.”

“எது பத்து?”

“அத யாரு கேட்டா? புருசன் பொஞ்சாதி சண்டையில போயி பொருள் கேக்க முடியுமா?”

பிறகு செல்லம்மாளுக்கு வேறு எல்லாம் ஞாபகம் வந்தது. தக்காளி காலத்தில் டிவிஎஸ் வண்டியில் இருவரும் பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போவார்கள். பின்னால் கட்டிய கூடை சரியாமல் பிடிக்க வேண்டும் என்று ராஜமேரி பின்பக்கம் பார்த்து உட்காருவார். முதுகும் முதுகும் ஒட்டியிருக்க, அவர் கிழக்கே பார்த்து ஒன்று சொல்ல, இவர் மேற்கே பார்த்துப் பதில் சொல்ல, அந்த வாக்குவாதம் ரோட்டோரம் இருக்கிற ஒவ்வொரு டீக்கடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். “முடிவு என்னாச்சின்னு தெரியாம நாங்கல்லாம் சாயங்காலம் அவங்க திரும்பி வர்றவரைக்கும் காத்துகிட்டிருப்போம்,” என்றாள் செல்லம்மாள்.

புருஷன் பெயரை மட்டும் ராஜமேரி வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைக் காட்டி “இவரு சொல்லுவாரு” என்பார். பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் சரி. கோயில் பிரார்த்தனையில் புனித சின்னப்பர் பெயர் வரும் இடத்தில் வாயை மூடிக்கொண்டு, அடுத்த புனிதருக்கு வந்து சேர்ந்துகொள்வார். புதிதாக வந்த சாமியார் ஒருவர் காரணம் கேட்டதற்கு, “அந்தப் புனிதர் எங்க வூட்டுலதாங்க சாமி இருக்காரு, அங்க தனியா வேண்டிக்குவேன்,” என்றாராம்.

அமுதா வீட்டுக்கு வந்து பிரகாஷிடம் சொன்னாள். அவன் யோசித்துவிட்டு, “லிட்டரா இருக்கும். அப்பா பத்து லிட்டரும்பாரு, அம்மா ஒம்போதும்பாங்க,” என்றான்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் தொழுவத்தில் சண்டை போட்டார்கள்.

அமுதா கீழே உட்கார்ந்தாள். பிரகாஷ் கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ம், ஆரம்பிங்க.”

“பத்து லிட்டரு.”

“ஒம்போது.”

“பத்து.”

“கொஞ்சம் சத்தமா, கோவமா சொல்லுங்க. ரேஷன் கடையில பேரு சொல்ற மாதிரி சொல்றீங்க.”

“எனக்கு கோவம் வரலியே.”

“வரவெய்யுங்க. எங்க அண்ணன நெனைச்சிக்கோங்க.”

“பத்து லிட்டரு,” என்று பிரகாஷ் கத்தினான். கன்று மிரண்டு அவன் காலை மிதித்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து செல்லம்மாளின் குரல் வந்தது: “இது இல்ல கண்ணு. இதுல உப்பே இல்ல.”

டீச்சர் தலையைத் திருப்பி அவர்கள் இருவரையும் பார்த்தது. பக்கத்தில் பார்த்து எழுதிய இரண்டு பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. சொட்டுப் பால் இறங்கவில்லை.

“நான் மாயவனுக்கு போன் பண்ணி வரச்சொல்லிடறேன்,” என்றான் பிரகாஷ், காலைத் தடவிக்கொண்டே.

“ஞாயித்துக்கெழமன்னு சொன்னீங்க.”

“சரி, ஞாயித்துக்கெழமையே வரட்டும்.”

சனிக்கிழமை மாலை வீட்டில் அன்பியக் கூட்டம். தெருவில் உள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபமாலை சொல்வது வழக்கம். இந்த வாரத்துக்கு ராஜமேரி எப்போதோ தன் பெயரைக் கொடுத்துவைத்திருந்தார். கூட்டத்தை நடத்துகிற ஜெயராணி வந்து, “வேணாம்னா அடுத்த வூட்டுக்கு மாத்திடறேன் அமுதா,” என்று சொன்னபோது, “அத்த கூப்புட்ட விருந்தாளிங்க, வரட்டும்,” என்றாள் அமுதா. சுண்டல் அவித்து வைத்தாள்.

சூரியன் இறங்கும் நேரம். இருபது பேர் வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பெண்கள் செபத்தின் முதல் பாதியைச் சொல்ல, ஆண்கள் அடுத்த பாதியைச் சொன்னார்கள். பெண்கள், ஆண்கள். பெண்கள், ஆண்கள். ஊஞ்சல் போவதும் வருவதும்போல அது ஒரு சீராக விழுந்தது. அமுதா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மனம் மட்டும் மறுநாள் காலையில் வரப்போகும் வண்டியிலேயே நின்றது.

தொழுவத்திலிருந்து டீச்சர் ஒரு குரல் கொடுத்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. யாரும் கவனிக்கவில்லை.

செபமாலை மணிகளில் மூன்றாவது பத்துமணி உருண்டுகொண்டிருக்கும்போது வேலிக்கு மேலே செல்லம்மாளின் தலை தெரிந்தது.

“அமுதா.”

ஜெயராணி கண்ணால் அதட்டினாள். செல்லம்மாள் அதற்கெல்லாம் அடங்குகிறவள் இல்லை.

“சாமி கும்புடறப்ப பேசக்கூடாதுன்னு தெரியும் கண்ணு. ஆனா உங்க மாடு ஒழுவுது.”

அமுதா எழுந்து ஓடினாள். டீச்சரின் நாலு காம்பிலிருந்தும் பால் தானாகச் சொட்டி, கல்லில் விழுந்து, வாய்க்கால் கட்டி ஓடிக்கொண்டிருந்தது. பாத்திரம் தேட நேரமில்லை. கைக்கு அகப்பட்ட சுண்டல் குண்டானைக் கவிழ்த்துவிட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“நிறுத்திராதீங்க,” என்று தொழுவத்திலிருந்து கத்தினாள். “யாரும் நிறுத்தாதீங்க. சொல்லுங்க.”

கூட்டம் ஒரு கணம் திகைத்து நின்றது. பால் நின்றது. பிறகு ஜெயராணி சமாளித்துக்கொண்டு எடுத்துக்கொடுத்தாள், ஆண்கள் தொடர்ந்தார்கள். பால் வந்தது. வாழ்நாளில் அந்தத் தெருவில் அவ்வளவு உற்சாகமாகச் செபமாலை சொல்லப்பட்டதில்லை. ஐந்து பத்துமணியும் முடிந்தபோது குண்டான் பாதி நிறைந்திருந்தது. சுண்டல் போனதைப் பற்றி ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எல்லோருக்கும் காப்பி கிடைத்தது.

“பத்துன்னா லிட்டரு இல்லீங்க,” என்றாள் அமுதா பிரகாஷிடம். “பத்து அருள்நிறைந்த மந்திரம். மாமா கையில காம்பு, அத்த கையில கயிறு. மாலைய யாரு புடிக்கறது? ரெண்டு பேரும் மனசுலயே எண்ணிகிட்டு, அதான் தெனமும் சண்ட.”

வேலியோரம் நின்று காப்பி குடித்துக்கொண்டிருந்த செல்லம்மாள் தம்ளரைக் கீழே வைத்தாள்.

“ஓ, அதுவா? அப்ப உங்க அத்தைக்கி எண்ணத் தெரியாம இல்ல. நான் ஒரு நாளு கேட்டேன், எதுக்குடி தெனமும் அந்த மனுசன இப்புடி வம்புக்கு இழுக்கறேன்னு. ‘பத்துதான் செல்லம்மா. ஒத்துகிட்டா எந்திரிச்சி காட்டுக்கு போயிடுவாரு. இன்னொன்னு சொல்லட்டும், இன்னுங் கொஞ்சம் குந்தியிருக்கட்டும்’னா.”

செல்லம்மாளே தொடர்ந்தாள்.

“அவரு போனப்பறமும் நாப்பது நாளு கேட்டேனே. இவ ஒண்டியா கறப்பா. ‘ஒம்போதுதான்’ம்பா. அப்பறம் அவரு கொரல்ல, கட்டையா, ‘பத்தாச்சிடி மேரி’ம்பா. எனக்கு முதுகு சில்லுன்னு ஆயிடும். ஆனா சிரிப்பும் வரும். அவ்வளவு அச்சா பேசுவா.”

பிரகாஷ் எழுந்து கன்றுக்குத் தண்ணீர் வைக்கப் போனான். கன்றுக்கு ஏற்கெனவே தண்ணீர் வைத்திருந்தது.

ஆனால் அவன் பிடி தளரவில்லை. படுக்கும்முன், “இருபது பேர தெனமும் கூப்புட முடியாது அமுதா. காலைல மாயவன் வருவான். நாம ரெண்டு பேரா சொல்லிப் பாப்போம். வந்தா வந்தது,” என்றான்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாயவனின் குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. மாயவன் இறங்கி வந்து, கையில் கயிற்றோடு தொழுவத்தின் வாசலில் நின்றான்.

“புடிச்சிக்கலாங்களா?”

“கொஞ்சம் இரு மாயவா,” என்றான் பிரகாஷ். வேற்று ஆள் எதிரில் செபம் சொல்ல அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் தானாகச் செபமாலை தொடங்கியதே இல்லை. தொண்டையைச் செருமினான். மாயவனுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டான்.

“செபம் புதுசா, பழசா?” என்று அமுதாவைக் கேட்டான்.

“டீச்சருக்கு எது பழக்கமோ அது.”

அவன் வாயில் தானாக வந்தது பழைய செபம்தான். ‘பிரியதத்தத்தினாலே’ என்று தொடங்கினான். எட்டு வயதில் தூக்கக் கலக்கத்தில் கேட்ட இழுவை, எங்கே ஏற வேண்டும் எங்கே இறங்க வேண்டும் என்பதுவரை அப்படியே வந்தது. அமுதா கீழிருந்து மறுபாதியைச் சொன்னாள். ஒன்று. இரண்டு. மூன்று. பாத்திரத்தில் சத்தமே இல்லை. மாயவன் கயிற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

ஆறாவதில் டீச்சர் நீளமாக மூச்சு விட்டது. காதைத் தொங்கவிட்டது. பாத்திரத்தின் அடியில் ‘சர்’ என்று ஒரு கோடு விழுந்தது.

“வருது, வருது,” என்றான் பிரகாஷ். நின்றுபோனது.

“நீங்க வாய மூடாதீங்க.”

“மூடலியே, அதான் சொன்னேன்.”

“அத சொல்லாதீங்க, இத சொல்லுங்க.”

அவன் விட்ட இடத்தில் பிடித்துக்கொண்டான். இரண்டு காம்பிலிருந்தும் கோடு மாறி மாறி விழத் தொடங்கியது. நுரை எழுந்தது. மாயவன் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

“பத்தாச்சி,” என்றான் பிரகாஷ்.

அமுதாவும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். பத்துதான், சந்தேகமில்லை. நிமிர்ந்து பார்த்தாள். கன்றுக்குட்டி அவன் சட்டை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. அதுகூடத் தெரியாமல் அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டிபன் பாக்ஸ் இல்லாமல் இருவரும் இப்படி நேருக்கு நேர் இருந்து எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை.

“ஒம்போதுங்க.”

“பத்து. நான் வெரல் வெச்சி எண்ணுனேன்.”

“வெரல்லதான் கயிறு இருக்குதே. ஒம்போது.”

“மாயவா, நீ சொல்லு. பத்தா இல்லியா?”

“என்னய ஏன் இழுக்கறீங்க,” என்றான் மாயவன். “எனக்கு ரெண்டு பேரு சொல்றதும் சரியாத்தான் படுது.”

வேலிக்கு அந்தப் பக்கம் செல்லம்மாள் எழுந்து வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டது. டீச்சர் பின்காலை அகட்டி வைத்து நன்றாகச் சுரந்தது. பிரகாஷ் முணுமுணுத்துக்கொண்டே பதினொன்றாவதைத் தொடங்கினான்.

ஏழு லிட்டர். மாயவன் காப்பி குடித்துவிட்டு, வெறும் வண்டியோடு போனான். போகும்போது, “எங்க வூட்டு எரும ஒன்னு இப்புடித்தான் அடம் புடிக்குது. எங்க சாமி பாட்டு சொன்னா கேக்குமா?” என்று விசாரித்துவிட்டுத்தான் போனான்.

பிரகாஷ் பூசைக்குப் போய்வந்து, சொன்ன சொல் தவறாமல், மறுநாளுக்குப் பையை எடுத்து வைத்தான். நான்கு சட்டை, சவரப் பெட்டி, போன் சார்ஜர். மாலை நாலரைக்கு அமுதா தொழுவத்துக்குத் தனியாகப் போனாள். அவன் ஊருக்குப் போய்விட்டால் அவள்தானே கறக்க வேண்டும். அத்தை செய்ததுபோலவே முதல் பாதியையும் சொன்னாள், மறுபாதியையும் சொன்னாள். பத்து முடிந்ததும் “ஒம்போதுதான்” என்றாள். பிறகு குரலைக் கட்டையாக்கி, “பத்தாச்சி அமுதா” என்றாள்.

டீச்சர் தலையைத் திருப்பிப் பார்த்தது. அமுதாவுக்கே வெட்கமாகிவிட்டது. பாத்திரம் காய்ந்து கிடந்தது.

“ஏங்க,” என்று கூப்பிட்டாள். “ஒரு நிமிசம் வாங்க.”

வாசலில் வந்து நின்ற பிரகாஷ், அவளையும் பாத்திரத்தையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தான். கயிற்றை எடுத்துக்கொண்டு, கன்றை இழுத்து அணைத்தபடி நின்று, தொடங்கினான். நாலாவதிலேயே பால் வந்துவிட்டது.

இரண்டாவது பத்துமணி முடிந்த இடைவெளியில் அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான்.

“சார், வணக்கங்க. அந்தோணி பிரகாஷ் பேசறேன். நாளைக்கி வர முடியாதுங்க. இல்லீங்க, செவ்வாக்கெழமையும் முடியாது. வேலைக்கே வரலீங்க. ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குது. இல்லீங்க, வேற எடத்துல சேரல. மாடுங்க சார். பசு மாடு. நாங்க ரெண்டு பேரும் இருந்தாத்தான் பால் குடுக்குது.” கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தான். “ஆமாங்க, சொல்லிப் பாத்தோம், ஒருத்தர் போதும்னு ஒத்துக்க மாட்டேங்குது.”

“அப்பறம் பேசிக்கலாம், வெச்சிட்டு வாங்க,” என்றாள் அமுதா. “சுரப்பு நின்னுடும்.”